மழையில் மக்கர் பண்ணும் தீப்பெட்டி: கரிசல் வெயிலைத் தொழிலாக மாற்றிய அய்ய நாடாரின் கதை

அடைமழை நாளில் கரண்ட் போனதும் தீப்பெட்டியைத் தேடியவர்களுக்கு இது பழக்கமான காட்சி. முதல் குச்சியை உரசினால் மருந்து மட்டும் உதிரும். இரண்டாவது குச்சி லேசாகப் புகைந்து அடங்கிவிடும். சரி, மூன்றாவதை எடுக்கலாம்னு பார்த்தால், நமத்து உப்பிப்போன அடிப்பெட்டி மேல்பெட்டிக்குள் இறுகிக்கொண்டு வெளியே வர மறுக்கும்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பனி மேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகளை மூடிய டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் பனி உள்ளே உருகி நீராகும். அந்த ஈரம் கதவோர ரப்பரில் படிந்து ராத்திரியில் உறைந்துவிடும். காலையில் கதவு திறக்காது. அதனால் பனியைத் தட்டிவிட்டுத்தான் வண்டியை ஏற்றுவார்கள். நீர் வடியவும் காற்று போய்வரவும் வழி வைப்பார்கள். ரப்பரில் சிலிக்கான் பசை தடவுவார்கள். மொத்தத்தில் சொல்வது ஒன்றுதான்: உள்ளே ஈரம் இருக்கும்போது மூடாதே.

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களில் நூறு வருஷமாக நடக்கும் வேலையும் இதே விதியில்தான் நிற்கிறது. காயவை, அப்புறம் மூடு. இந்த விதியை நம்பி வறண்ட கரிசல் காட்டில் ஒரு தொழிலையே நட்டுவைத்த இரண்டு பேரில் ஒருவர் பி. அய்ய நாடார். இன்னொருவர் அவருடைய சகோதரர் முறை உறவினரான ஏ. சண்முக நாடார்.

யார் இந்த அய்ய நாடார்?

அய்ய நாடார் 1905-ல் பிறந்தவர். ஊர் சிவகாசி. இன்றைக்குச் சிவகாசி என்றதும் பட்டாசு, காலண்டர், தீப்பெட்டி என்று வரிசையாக ஞாபகம் வரும். அவர் பிறந்தபோது இது எதுவும் அங்கே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி அது. தென்மேற்குப் பருவமழையை மலை வாங்கிக்கொள்ளும். இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் காய்ந்த காற்றுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழைதான் ஒரே நம்பிக்கை. அது பொய்த்தால் கம்பு இல்லை, சோளம் இல்லை, பருத்தியும் இல்லை.

கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மழை பெய்தால் நீரைக் குடித்து உப்பும், வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெயில் அடித்தால் சுருங்கிக் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். விவசாயிக்கு வருஷத்தில் சில மாதம்தான் வேலை. மீதி மாதங்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இப்படி வேலையில்லாமல் கிடந்த கைகளையும், யாருக்கும் வேண்டாத அந்த வெயிலையும் ஒன்றாகச் சேர்த்ததுதான் பின்னால் நடந்த பெரிய மாற்றம்.

அய்ய நாடார் வளர்ந்த சமூகச் சூழலையும் பார்க்க வேண்டும். தெற்கே பனங்காடுகளிலிருந்து வியாபாரத்துக்காக வடக்கே வந்து சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் கடை விரித்தவர்கள் நாடார் சமூகத்தினர். தீண்டாமையையும் கோயில் நுழைவுத் தடையையும் எதிர்த்து நின்றதற்காக அவர்கள் கொடுத்த விலை பெரியது. 1899-ல் சிவகாசியில் நடந்த கலவரம் தமிழக வரலாற்றின் கறுப்புப் பக்கங்களில் ஒன்று. அய்ய நாடார் பிறந்தது அதற்கு ஆறு வருஷம் கழித்து. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுவில் சேர்க்கும் மகமை முறையை வைத்து அந்தச் சமூகம் பள்ளிகளையும் சந்தைகளையும் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் வளர்ந்தார். வெளியிலிருந்து யாரும் வந்து கைதூக்கிவிடப் போவதில்லை என்று தெரிந்த தலைமுறை அது.

1922: ஏன் கல்கத்தா?

அந்தக் காலத்தில் இந்திய வீடுகளில் எரிந்த தீக்குச்சிகள் பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தவை. ஸ்வீடன்தான் பாதுகாப்புத் தீக்குச்சியின் தாய்வீடு. 1844-ல் குஸ்டாஃப் எரிக் பாஷ் என்ற ஸ்வீடன் வேதியியலாளர், எரியும் மருந்தை இரண்டாகப் பிரித்தார். பாதி குச்சியின் தலையில், மீதி உரசும் இடத்தில். இரண்டும் சேர்ந்தால்தான் தீ. அதுவரை பயன்பட்ட வெள்ளை பாஸ்பரஸ் தொழிலாளர்களின் தாடை எலும்பையே அரித்துவிடும் நஞ்சு. இந்தியாவில் 1913-ல் வந்த ஒரு சட்டம் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடை செய்தது.

1922-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு இறக்குமதித் தீப்பெட்டிகள் மீதான வரியைக் கடுமையாக உயர்த்தியது. அரசுக்கு அது வருமானத்துக்கான வழி. உள்ளூரில் தீப்பெட்டி செய்ய நினைப்பவர்களுக்கோ திடீரென்று திறந்த கதவு. சுதேசி இயக்கத்தின் சூடு பட்ட கல்கத்தாவில் அதற்கு முன்பிருந்தே சின்னச் சின்னத் தீப்பெட்டிப் பட்டறைகள் இருந்தன. அதே வருஷம் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். அய்ய நாடாருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. பாஷை தெரியாது. தொழிலும் தெரியாது. பூர்ண சந்திர ராய் என்ற வங்காளியிடம் சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டி செய்யும் வேலையைக் கற்றுக்கொண்டார்கள்.

கல்கத்தாவில் குச்சிக்கு மரம் கிடைத்தது. சுந்தரவனக் காட்டில் வளரும் கேங்வா மரம் அங்கே தீக்குச்சிக்குப் பயன்பட்டது. இது நமக்கு அந்நியமான மரம் இல்லை. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் நிற்கும் தில்லை மரம்தான் அது. துறைமுகம் பக்கத்தில் இருந்ததால் ரசாயனமும் எளிதாகக் கிடைத்தது. ஆனால் கங்கைக் கழிமுகத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. வருஷத்தில் பல மாதம் காற்றில் ஈரம் பிசுபிசுக்கும்.

சிவகாசியில் நிலைமை தலைகீழ். மரம் இல்லை, ரசாயனம் இல்லை, துறைமுகமும் இல்லை. காய்ந்த காற்று மட்டும்தான் உண்டு. கற்ற தொழிலோடு இருவரும் திரும்பிவந்த இடம் அதுதான்.

ஒரு குச்சிக்குள் ஈரம் எங்கெல்லாம் புகும்?

காய்ந்த காற்றுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்று புரிய, ஒரு தீக்குச்சியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் மரம். மரம் வெட்டிய பிறகும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டேதான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால், உலர்ந்த மரம் தன் எடையில் சுமார் 9 சதவீத நீரை வைத்திருக்கும். அடைமழையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால் அது சுமார் 20 சதவீதமாகிவிடும். ஈரக் குச்சியை உரசினால் வளையும். தலையில் பிறக்கும் சூடு, மரத்தை எரிப்பதற்குப் பதிலாக அதிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே தீர்ந்துபோகும்.

அடுத்து மருந்து. குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள் போன்றவை பசையால் பிணைந்திருக்கும். சோடியம் குளோரேட்டும் ஆக்சிஜன் தரும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். பொட்டாசியம் உப்புக்கு அந்தக் குணம் மிகக் குறைவு. தீக்குச்சியில் அதையே பயன்படுத்துவதற்கு இது முக்கியக் காரணம். இருந்தாலும் பசை சும்மா இருக்காது. ஈரம் பட்டால் இளகும். தலை உதிர்வது அதனால்தான்.

மூன்றாவது, பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருக்கும் சிவப்பு பாஸ்பரஸ். ஈரக் காற்றில் அது மெதுவாக ஆக்சிஜனோடு சேர்ந்து அமிலமாக மாறும். அந்த அமிலம் இன்னும் ஈரத்தை இழுக்கும். பூச்சு வழவழத்துவிட்டால் குச்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் உரசல் பிடிக்காது.

நான்காவது, பெட்டியே. அந்தக் காலத்துப் பெட்டி மெல்லிய மரச் சீவலில் செய்தது. ஈரம் குடித்தால் உப்பும். அடிப்பெட்டி, மேல்பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெளியிலிருந்து ஈரம் புகுவதைவிட, செய்யும்போதே உள்ளே தங்கிய ஈரம் மோசம். சரியாகக் காயாத குச்சியைப் பெட்டியில் அடைத்து, பெட்டியைப் பொட்டலமாகக் கட்டி, பொட்டலத்தை மூட்டையாக்கினால் அந்த ஈரத்துக்கு வெளியே போக வழியே இல்லை. ஊர் போய்ச் சேருவதற்குள் முழு மூட்டையும் நமத்துவிடும். நஷ்டம் ஒரு மூட்டையோடு நிற்காது. அடுத்த தடவை கடைக்காரர் அந்த மார்க்கை வாங்கவே மாட்டார்.

1923: முதலில் மெஷின், அப்புறம் கை

1923-ல் சிவகாசியில் இருவரும் சேர்ந்து தீப்பெட்டி உற்பத்தியைத் தொடங்கினார்கள். ஜெர்மனியிலிருந்து வரவழைத்த இயந்திரங்களோடுதான் ஆரம்பம். ஆனால் சில வருஷங்களிலேயே சிவகாசி தீப்பெட்டி கைத்தொழிலாக மாறியது. இது பின்னோக்கிப் போன மாதிரி தெரியலாம். கணக்குப் போட்டால் அப்படி இல்லை.

பெரிய தீக்குச்சி இயந்திரத்தில் குச்சிகள் ஒரு நீண்ட சங்கிலியில் வரிசையாகக் குத்தப்பட்டு, மெழுகிலும் மருந்திலும் முங்கி, பிறகு மேலும் கீழுமாகச் சுற்றிச் சுற்றி வரும். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதில் மெழுகிலும் மருந்திலும் முங்குவதற்குச் சில விநாடிகள்தான். மிச்ச நேரம் முழுக்க ஊதும் காற்றில் காய்வதற்கு. அதாவது அவ்வளவு பெரிய இயந்திரத்தின் பெரும்பகுதி வேலை காயவைப்பதுதான்.

கரிசல் காட்டில் அந்த வேலையைச் செய்ய இயந்திரம் எதற்கு? கேரளத்திலிருந்து வந்த மென்மரத்தைச் சீவி நறுக்கிய குச்சியைக் களத்தில் நெல் காயப்போடுவது போலப் பரப்பினால் போதும். ஒட்டிய பெட்டிகளை வாசலில் கொட்டினால் சீக்கிரமே காய்ந்துவிடும். மருந்து முக்கிய குச்சிகளை மட்டும் நேர் வெயிலில் வைக்கக் கூடாது. வேகமாகக் காய்ந்தால் தலை வெடித்து உதிரும். அதை நிழலில், காற்றோட்டமான கொட்டகையில் அடுக்கினார்கள்.

மிச்ச வேலைகள் எல்லாம் கைக்கு. வரிவரியாகப் பள்ளம் வெட்டிய சட்டங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்குவதைக் கட்டை அடுக்குதல் என்பார்கள். அடுக்கிய கட்டையைச் சூடான தகட்டில் காட்டி, மெழுகில் தொட்டு, மருந்தில் முக்குவது அடுத்த படி. பிறகு காய்ந்த குச்சியைப் பெட்டியில் அடைப்பது, பக்கவாட்டில் மருந்து பூசுவது, லேபிள் ஒட்டுவது. இதில் எதற்கும் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு கொட்டகை, சில சட்டங்கள், ஒரு அடுப்பு, நிறையக் கைகள். மழை பொய்த்த ஊரில் கைகளுக்குப் பஞ்சமே இல்லை.

எதிரில் நின்றவர் யார்?

அய்ய நாடார் தொழில் தொடங்கிய அதே 1923-ல் இன்னொரு கம்பெனியும் இந்தியாவில் காலடி வைத்தது. ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனத்தின் இந்தியக் கிளையான வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ. சென்னையில் மெட்ரோ ரயிலில் போகிறவர்கள் தினமும் கேட்கும் விம்கோ நகர் என்ற பெயர், திருவொற்றியூரில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் மிச்சம்தான்.

அதன் பின்னால் நின்றவர் ஐவர் குரூகர். உலகமே தீக்குச்சி ராஜா என்று அழைத்த ஸ்வீடன் தொழிலதிபர். உலகத் தீக்குச்சி உற்பத்தியில் பாதிக்கும் மேல் அவர் கைக்குள் இருந்தது. கடனில் தவித்த அரசுகளுக்குப் பணம் கொடுத்து, பதிலுக்கு அந்த நாட்டில் தீக்குச்சி விற்கும் ஏகபோக உரிமையை வாங்கிக்கொள்வது அவர் பாணி. 1932 மார்ச்சில் பாரிஸில் அவர் இறந்தபோது, பின்னால் இருந்தது பெரும் கணக்கு மோசடி என்பது வெளிவந்து உலகப் பங்குச் சந்தைகள் ஆடிப்போயின.

அப்பேர்ப்பட்ட பூதத்தின் முன்னால் சிவகாசியின் ஓலைக் கொட்டகைகள் எப்படித் தாக்குப்பிடித்தன? விலைதான் காரணம். விம்கோ மின்சாரத்தாலும் நீராவியாலும் காயவைத்ததை இங்கே வெயில் சும்மா காயவைத்தது. கூலி குறைவாக இருந்ததும் காரணம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 1934-ல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் அரசு உற்பத்தி வரி போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு, கையால் செய்யும் சிறு உற்பத்தியாளர்களுக்கு இயந்திர ஆலைகளைவிடக் குறைந்த வரி என்ற கொள்கை வந்தது. கரிசல் காட்டின் சின்ன ஆபீஸ்கள் பெருகியதற்கு அந்த வரி வித்தியாசமும் பெரிய துணை. கடைசியில் 2005-ல் விம்கோவையே ஐடிசி வாங்கிக்கொண்டது.

1926: அணிலும் காக்காவும்

சேர்ந்து தொடங்கிய இருவரும் 1926-ல் தனித்தனியாகப் பிரிந்தார்கள். அய்ய நாடாரின் மார்க் அணில். சண்முக நாடாரின் மார்க் காக்கா. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கடையில் படத்தைக் காட்டி வாங்கலாம் என்பதால் அந்தக் காலத்துத் தீப்பெட்டிக்குப் படம்தான் பெயர். பசுமாடு, தாமரை, தேர் என்று கரிசல் காட்டிலிருந்து கிளம்பிய லேபிள்கள் ஆயிரக்கணக்கில்.

இந்தப் பிரிவு தொழிலை உடைக்கவில்லை, பரப்பியது. இரண்டு பேரிடமும் வேலை கற்றவர்கள் தனியாக ஆபீஸ் போட்டார்கள். லேபிள் தேவைப்பட்டதால் அச்சகம் வந்தது. அச்சகம் வளர்ந்து காலண்டர், வாழ்த்து அட்டை, நோட்டுப் புத்தகம் என்று விரிந்தது. அச்சுக்கும் ஈரம் பகைதான். காகிதம் ஈரத்தில் விரிந்தால் ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காராது. மத்தாப்புக் குச்சியில் தொடங்கிப் பட்டாசும் வந்தது. அதற்கும் காய்ந்த காற்று வேண்டும். ஆக ஒரே வெயிலில் மூன்று தொழில்கள். சிவகாசிக்குக் குட்டி ஜப்பான் என்ற பட்டப்பெயர் வந்தது இதனால்தான்.

கோவில்பட்டிக்கு எப்படி வந்தது?

சிவகாசியிலிருந்து சாத்தூர், அங்கிருந்து கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று அதே கரிசல், அதே காற்று. தொழில் தெற்கே இறங்கியதில் ஆச்சரியம் இல்லை. கோவில்பட்டிப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையைப் பலர் இன்றும் தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். கிராமத்துப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக் கொடுத்தார்கள். மழை பொய்த்த வருஷங்களில் பல குடும்பங்களின் அடுப்பு எரிந்தது இந்தக் கூலியில்தான். காட்டு வேலையில் சம்பாதித்ததைக் கணக்கு வைக்காத பெண்களுக்கு வாரக் கடைசியில் கையில் காசு என்பது முதல்முதலாகக் கிடைத்தது இங்கே.

ஆனால் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் எல்லாம் மந்தமாகும். விவசாயி ஆசையோடு காத்திருக்கும் அதே மழை, தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலை குறையும் காலம். குச்சி காயாது, ஒட்டிய பெட்டி பிரியும், முக்கிய மருந்து பிசுபிசுக்கும். கோடையில் செய்த சரக்கைத் தரையில் படாமல் கட்டை மேல் அடுக்கி, சுவரோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு வைப்பார்கள். மண் தரையும் சுவரும் ஈரத்தை உறிஞ்சிக் கொடுக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. வீடுகளிலும் இதே தந்திரம்தான். தீப்பெட்டி அடுப்பு மேட்டில் இருக்கும், இல்லையென்றால் தகர டப்பாவில். அவசரத்துக்குக் குச்சித் தலையை முடியில் தேய்த்துப் பற்றவைக்கிற தாத்தாக்களை இப்போதும் பார்க்கலாம்.

அந்த வெயிலின் மறுபக்கம்

இதுவரை படித்ததை வைத்துக் காய்ந்த காற்று வரம் என்று முடிவுக்கு வந்தால், பாதிக் கதைதான் தெரியும்.

குச்சியைக் காயவைக்கும் அதே வெயில்தான் ஒரு பொறியைப் பெருந்தீயாக்குகிறது. குளோரேட் தூள் கலந்த கழிவு, காய்ந்த மரச்சீவல், வெக்கை. மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒரு உரசல் போதும். தீப்பெட்டியிலும், அதைவிடப் பல மடங்கு பட்டாசிலும், இந்தப் பகுதி இழந்த உயிர்கள் ஏராளம். ஒவ்வொரு கோடையிலும் அந்தச் செய்திகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இன்னொன்று குழந்தைகள். கட்டை அடுக்கவும் பெட்டி அடைக்கவும் சின்ன விரல்கள் வேகமாக ஓடும் என்று சொல்லியே பல தலைமுறைக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தை இழந்தார்கள். விடிவதற்கு முன் கிராமங்களுக்கு வேன் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போன காலம் அது. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியை அவர்களுக்குத் தடைசெய்த தொழில்களில் சேர்த்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி இழப்பீடாகக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பள்ளி, சத்துணவு, தொடர் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்துதான் நிலைமையை மாற்றின.

அய்ய நாடார் உருவாக்கிய கைத்தொழில் மாதிரி எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போட்டது உண்மை. அந்த மாதிரியின் மலிவு விலைக்குப் பின்னால் மலிவான கைகள் இருந்ததும் உண்மை. வெயில் இலவசம், சரி. கைகள் இலவசமாக இருக்கக் கூடாது என்பதைத் தொழில் புரிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் பிடித்தது.

கல்லூரி கட்டியவர்

தான் இளம் வயதில் ஊரைவிட்டுப் போய்த் தொழில் கற்றவர், பிற்காலத்தில் ஊருக்குள் படிப்பைக் கொண்டுவந்தார். 1963-ல் சிவகாசியில் தொடங்கப்பட்ட அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி அவர் பெயரையும் மனைவியின் பெயரையும் தாங்கி நிற்கிறது. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன பெண்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பட்டம் வாங்கிய இடங்களில் அதுவும் ஒன்று.

அய்ய நாடார் 1982-ல் காலமானார். அதற்குள் கையால் செய்யும் தீப்பெட்டி என்றாலே நாடு முழுக்க சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்ற பெயர்கள்தான் ஞாபகம் வந்தன.

இப்போது என்ன நிலைமை?

இன்றைக்குக் கோவில்பட்டியில் பல ஆபீஸ்கள் இயந்திரத்துக்கு மாறிவிட்டன. குச்சி அடுக்குவது, முக்குவது, காயவைப்பது எல்லாம் ஒரே ஓட்டத்தில் நடக்கிறது. மழைக்காலத்திலும் வேலை நிற்பதில்லை. மரச்சீவல் பெட்டி போய் அட்டைப் பெட்டி வந்துவிட்டது. ஆனால் அட்டையும் ஈரத்தில் உப்பும், எனவே பழைய விதி மாறவில்லை.

விலை மட்டும் நகரவே இல்லை. 2007-ல் ஒரு ரூபாயான தீப்பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. 14 வருஷம் விலை ஏறாத பொருள் வேறு எதுவும் உங்கள் வீட்டில் இருக்கிறதா? நடுவில் மெழுகு, அட்டை, சிவப்பு பாஸ்பரஸ், கூலி எல்லாம் ஏறிவிட்டன. இதற்கிடையே சீனாவிலிருந்து வந்த பிளாஸ்டிக் லைட்டர்கள் டீக்கடை வரை நுழைந்தன. ஒரு லைட்டர் பல தீப்பெட்டிகளின் வேலையைச் செய்துவிடும். மழையில் நனைந்தாலும் துடைத்துவிட்டுப் பற்றவைக்கலாம். உற்பத்தியாளர்களின் தொடர்ந்த கோரிக்கைக்குப் பிறகு, 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களை இறக்குமதி செய்ய 2023 ஜூனில் ஒன்றிய அரசு தடை விதித்தது.

1922-ல் ஒரு வரி உயர்வு கதவைத் திறந்துவிட்டது. 2023-ல் ஒரு தடை கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தது. ஆனால் அரசு ஆணை ஒரு தொழிலுக்கு அவகாசம் தரலாம், அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் மிச்சம். அய்ய நாடார் அதைக் கல்கத்தா ரயிலில் ஏறப் பயன்படுத்தினார்.

காயவைக்கும் இயந்திரம் இருந்தால் இன்றைக்குத் தீப்பெட்டியை எந்த ஊரிலும் செய்துவிடலாம். கரிசல் வெயில் இனி யாருக்கும் தனிச் சலுகை இல்லை. அப்படியும் தொழில் இந்த மண்ணைவிட்டுப் போகாமல் இருப்பதற்குக் காரணம், மருந்தின் பதத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லும், காய்ந்த குச்சியைத் தொட்டே கண்டுபிடிக்கும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரின் முதலீடு வெயில். இப்போதைய முதலீடு அவர்கள்தான். அடுத்த தடவை விலையும் வரியும் பேசப்படும்போது, முதலில் பேச வேண்டியது அவர்களுடைய கூலியைப் பற்றித்தான்.